இஸ்தானாவைக் கட்டிய கைகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாட்டுத் தலைவரின் இல்லம்: அதன் வரலாறும் அது உணர்த்தும் பொருளும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. உலகில் எத்தனையோ தலைவர்களின் மாளிகைகள் இருக்கின்றன. தூரத்து மாளிகைகளைப் பற்றிப் பேசுவதைவிட, நாம் பேருந்தில் போகும்போது ஆர்ச்சர்ட் ரோட்டில் கடந்து செல்கிறோமே, அந்த வெள்ளை வாயிற்கதவுக்குப் பின்னால் இருக்கும் இஸ்தானாவைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிப் பொது வரவேற்பு நாளன்று என் பேத்தியை இஸ்தானாவுக்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. புல்வெளியைத் தாண்டி மேலே ஏறியதும் அந்த வெள்ளை மாளிகை கண்முன் நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். "தாத்தா, இத யாரு கட்டுனா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "வெள்ளைக்காரங்க கட்டுனதும்மா" என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டு அன்னங்கள் நீந்தும் குளத்தைப் பார்க்க ஓடிவிட்டாள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம், நான் சொன்ன பதில் பொய். தெரியாமல் சொன்ன பொய்யுமில்லை. தெரிந்திருந்தும் வாய்க்கு எளிதாக வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைத் திருத்திக்கொள்ளத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு தலைவரின் இல்லம் என்ன பொருள் தருகிறது என்று அறிய மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் கருத்து. அதைக் கட்டியவர் யார்? அதில் குடியிருந்தவர் யார்? அதன் கதவு யாருக்குத் திறந்தது? இந்த மூன்றுக்கும் இஸ்தானா என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

ஜாதிக்காய்த் தோட்டம் மாளிகையான கதை

முதலில் அந்தப் பெயர். இஸ்தானா என்றால் மலாயில் அரண்மனை. அது சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போன சொல். அதே சொல் நம்மிடமும் இருக்கிறது. "ஆஸ்தான கவிஞர்", "ஆஸ்தான வித்துவான்" என்கிறோமே, அந்த ஆஸ்தானம்தான் இது. அரசன் கொலுவிருக்கும் சபை என்று பொருள். ஆகவே அந்த வாயிலில் எழுதியிருக்கும் பெயர் நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் இப்பெயர் வருவதற்கு 90 ஆண்டுகள் முன்பே மாளிகை வந்துவிட்டது. அதற்கும் முன்பு ஆளுநரின் வீடு வேறோர் இடத்தில் இருந்தது. இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றை மலாய் மக்கள் புக்கிட் லாராங்கான், அதாவது 'தடை செய்யப்பட்ட குன்று' என்று அழைத்தார்கள். பழைய மலாய் மன்னர்கள் வாழ்ந்த இடம் அது என்ற நம்பிக்கையால் சாதாரண மக்கள் அங்கே ஏற அஞ்சினார்கள். ராஃபிள்ஸ் தமக்கு வீடு கட்டத் தேர்ந்தெடுத்தது அந்தக் குன்றைத்தான். மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன எளிய வீடுதான். ஆனால் பழைய மன்னர்கள் இருந்த இடத்தில் புதிதாக வந்தவர் போய் உட்கார்ந்தால் என்ன பொருள் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1850களின் இறுதியில் அங்கே கோட்டை கட்டுவதற்காக ஆளுநர் இல்லம் இடிக்கப்பட்டது. அதன்பின் ஆளுநர்கள் வேறு வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று.

1867 ஏப்ரல் முதல் தேதி, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய தொடுவாய்க் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய நிர்வாகத்தின் பிடியிலிருந்து விலகி, நேரடியாக லண்டனின் காலனித்துவ அலுவலகத்தின் கீழ் வந்தன. முதல் ஆளுநராக வந்தவர் சர் ஹாரி செயின்ட் ஜார்ஜ் ஓர்ட். அவர் வாடகை வீட்டில் இருக்க விரும்பவில்லை. ஆளுநரின் மதிப்புக்கேற்ற மாளிகை வேண்டும் என்றார்.

அதற்கு வாங்கப்பட்ட நிலம் சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டத்தின் ஒரு பகுதி. ஏறத்தாழ 100 ஏக்கருக்குச் சற்று அதிகம். இன்றும் பிரின்செப் ஸ்திரீட் அவர் பெயரில் இருக்கிறது. அவர் கல்கத்தாவில் வழக்கறிஞர். அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் அண்ணன். ஒரு காலத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டின் இருபுறமும் ஜாதிக்காய் மரங்கள் செழித்திருந்தன. சாலைக்கு 'தோட்டச் சாலை' என்ற பொருளில் பெயர் வந்ததே அப்படித்தான். பிறகு மரங்களை நோய் தாக்கியது. 1860 வாக்கில் தோட்டங்கள் அழிந்தன. அழிந்த தோட்டம் அரசு மாளிகைக்கு மனையாயிற்று.

1867ல் வேலை தொடங்கி 1869 அக்டோபரில் முடிந்தது. செலவு ஏறத்தாழ 185,000 வெள்ளி. அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. இவ்வளவு பணம் ஒரு வீட்டுக்கா என்று வணிகர்களிடையே முணுமுணுப்பும் எழுந்தது. வரிப்பணத்தில் தலைவருக்கு வீடு கட்டினால் கேள்வி வருவது அன்றே இருந்திருக்கிறது பாருங்கள்.

கட்டட அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடம் போட்டவர் காலனித்துவப் பொறியாளர் மேஜர் ஜான் ஃபிரெடரிக் அடோல்ஃபஸ் மெக்நேர். தூண்களும் வளைவுகளும் ஐரோப்பிய முறையில் அமைந்தவை. நடுவில் 28 மீட்டர் உயரமுள்ள கோபுரப் பகுதி. ஆனால் இது லண்டன் குளிருக்குக் கட்டிய வீடன்று. அகன்ற தாழ்வாரங்கள், காற்று புகுந்து வெளியேறும் மரச்சட்டச் சன்னல்கள், நாற்புறமும் விரியும் சிறகுகள் என்று வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி அமைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் தோற்றமும் மலாய் வீட்டின் காற்றோட்டமும் சேர்ந்த கட்டடம் அது.

கைதிகளின் உழைப்பு

சரி, வரைபடம் போட்டவர் மெக்நேர். உத்தரவிட்டவர் ஓர்ட். கல்லை உடைத்தது யார்? செங்கல்லைச் சுமந்தது யார்? தச்சு வேலை செய்தது யார்? பூச்சுப் பூசியது யார்?

மெக்நேருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அவர் கைதிகளின் கண்காணிப்பாளர். அதில்தான் விடை இருக்கிறது. இந்த மாளிகையைக் கட்டுவதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகள்.

1825ல் பென்கூலனிலிருந்து முதல் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த முதல் தொகுதியில் வந்த 80 பேரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து சில நாள்களில் வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வந்தார்கள். பின்னர் பம்பாய் மாகாணத்தவரும் மற்றவர்களும் வந்தார்கள். அடுத்த 48 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இங்கே கொண்டுவரப்பட்டனர். சிலர் கொலை செய்தவர்கள். சிலர் கொள்ளையடித்தவர்கள். சிலர் வயிற்றுப்பாட்டுக்குத் திருடியவர்கள். கடல் கடந்தால் சாதி போகும், உறவு போகும் என்று நம்பிய காலம் அது. தூக்குத் தண்டனைக்கு அடுத்தபடியாக மக்கள் அஞ்சியது இந்தக் கடல் கடத்தலைத்தான்.

வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் 1849 வரை இருந்தது. எண்ணிப் பாருங்கள். தண்டனைக் காலம் முடிந்தாலும் நெற்றி எழுத்து அழியாது. 'தலையெழுத்து' என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அவர்களுக்கு நிசமாகவே நடந்தது.

சிங்கப்பூரில் இவர்கள் நடத்தப்பட்ட முறை அக்காலத்தில் பிற நாட்டவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பிராஸ் பாசா பகுதியில் கைதிகளின் சிறை இருந்தது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவருக்குக் காலில் விலங்கு. நன்னடத்தை காட்டினால் ஒவ்வொரு படியாக ஏறலாம். ஒரு கட்டத்தில் விலங்கு கழற்றப்படும். நம்பிக்கைக்குரிய கைதிகளே மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளர் ஆவார்கள். உச்சியில் இருப்பவர் அனுமதிச் சீட்டுடன் வெளியே போய்த் தம் உழைப்பில் பிழைத்துக்கொள்ளலாம். மெக்நேர் பிற்காலத்தில், 1899ல், இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' என்று அதன் தலைப்புக்குப் பொருள்.

அவர்கள் கற்றுக்கொண்ட தொழில்கள் கொஞ்சமல்ல. கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை, கல் உடைத்தல், செங்கல் சுடுதல் என்று எல்லாம் உண்டு. சிராங்கூன் ரோட்டில் கைதிகள் நடத்திய செங்கற்சூளை இருந்தது. அவர்கள் சுட்ட செங்கல்லுக்கு 1867ல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இஸ்தானாவின் வேலை தொடங்கிய அதே ஆண்டு!

அவர்களுடைய கைவண்ணத்தை அருகிலிருந்து பார்க்க விரும்பினால் நகர மண்டப வட்டாரத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போங்கள். அதுவும் இந்தியக் கைதிகள் கட்டியதுதான். அதன் உட்சுவர்ப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுனாம்' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். சுனாம் வேறொன்றுமில்லை, நம்முடைய சுண்ணாம்புதான். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றினார்கள். சலவைக்கல்லைப் போல் பளபளக்கும். நம் ஊர்க் கொத்தனார்கள் பரம்பரையாக அறிந்திருந்த கைப்பக்குவம் அது.

1873ல் சிங்கப்பூரில் கைதிகள் குடியிருப்பு முறை முடிவுக்கு வந்தது. எஞ்சியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்ற பலர் ஊர் திரும்பவில்லை. மாடு வளர்த்தும் பால் விற்றும் வண்டி ஓட்டியும் இங்கேயே பிழைத்தார்கள், குடும்பம் கண்டார்கள், மற்றவர்களோடு கலந்தார்கள். ஆக, இஸ்தானா அவர்கள் கைப்பட எழுந்த கடைசிப் பெரும் கட்டடங்களுள் ஒன்று.

ஓர்டின் பெயர் நமக்குத் தெரிகிறது. மெக்நேரின் பெயர் தெரிகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் சாலையில் இருக்கிறது. சாந்துச் சட்டி சுமந்தவன் பெயரை நானும் நீங்களும் யார் வாயிலிருந்தாவது கேட்டிருக்கிறோமா? பெயரை நெற்றியில் குத்திக்கொண்டு வந்தவன் எழுப்பிய சுவரில் அவன் பெயர் நிற்கவில்லை.

குடியிருந்தவர்களும் குடியிருக்காதவர்களும்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் குடியிருந்தார்கள்?

1869 முதல் ஆளுநர்கள் அங்கே இருந்தார்கள். 'கவர்ன்மென்ட் ஹவுஸ்' என்பதுதான் அப்போது பெயர். குன்றின் உச்சியில் கொடி பறக்கும். கீழே நகரம். மேலே இருப்பவர் ஆள்பவர், கீழே இருப்பவர் ஆளப்படுபவர். மாளிகையின் இருப்பிடமே அதைச் சொல்லிவிடும்.

அதே குன்றடியில் பிராஸ் பாசா ஓடைக்கரையில் நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். அந்தத் துறைக்கு டோபி காட் என்று பெயர் வந்தது. இன்றும் டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து இஸ்தானா வாயில் சில நிமிட நடைதான். மேலே கட்டியவர்கள் சிலர், கீழே துவைத்தவர்கள் சிலர். உள்ளே விருந்தினராகப் போனவர்கள் வேறு சிலர்.

1942 பிப்ரவரியில் சப்பானியரின் குண்டுகள் அந்த மாளிகையையும் விட்டுவைக்கவில்லை. அசைக்க முடியாதவர் என்று எண்ணப்பட்ட ஆளுநர் வெளியேறினார், பிறகு போர்க் கைதியானார். சப்பானியத் தென்படைத் தளபதி கவுன்ட் தெராவுச்சி அந்த வீட்டில் வந்து தங்கினார். குன்றுமேல் இருப்பவர் நிரந்தரமானவர் அல்லர் என்று அந்தத் தலைமுறை கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது. சுதந்திர உணர்வுக்கு அதுவும் ஒரு விதை.

1959ல் சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் இஸ்ஹாக் 'யாங் டி-பெர்துவான் நெகாரா'வாகப் பதவியேற்றார். அதே நாளில்தான் நம் தேசியக் கொடியும் தேசிய கீதமும் மக்கள்முன் அறிமுகமாயின. மாளிகையின் பெயர் இஸ்தானா நெகாரா என்றாயிற்று. 1965ல் நாடு தனிச் சுதந்திரம் பெற்றபின் இஸ்தானா என்று நிலைத்தது.

இங்கேதான் நம் கவனத்துக்குரிய ஒரு விஷயம். யூசோஃப் இஸ்ஹாக் ஆளுநர்கள் படுத்த அறையில் போய்ப் படுக்கவில்லை. மாளிகை தமக்கும் குடும்பத்துக்கும் தேவையில்லை என்று, வளாகத்திலிருந்த ஸ்ரீ மெலாத்தி என்ற சிறிய பங்களாவில் குடியிருந்தார். மாளிகையை நாட்டின் அலுவலுக்கு விட்டுவிட்டார்.

பின்னால் வந்த அதிபர்களும் பெரும்பாலும் அப்படியே. டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், வீ கிம் வீ, எஸ் ஆர் நாதன் முதலியோர் தங்கள் சொந்த வீட்டிலேயே வாழ்ந்து, வேலைக்கு மட்டும் இஸ்தானாவுக்குப் போய் வந்தார்கள். 2017ல் அதிபரான திருவாட்டி ஹலிமா யாக்கோப், ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டிலேயே தொடர்ந்து இருக்க விரும்பினார். பாதுகாப்பு அதிகாரிகளின் ஆலோசனைக்குப் பிறகே வீடு மாறினார்.

பிரதமருக்கும் வளாகத்தில் ஸ்ரீ தெமாசெக் என்ற அதிகாரபூர்வ இல்லம் உண்டு. எந்தப் பிரதமரும் அதில் குடியேறவில்லை. திரு லீ குவான் இயூ மறைந்தபோது, 2015 மார்ச்சில், அவரது நல்லுடல் முதலில் அந்த ஸ்ரீ தெமாசெக்கில்தான் குடும்பத்தார் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. வாழ்நாளில் குடியிருக்காத வீட்டிலிருந்து அவருடைய இறுதிப் பயணம் தொடங்கியது.

இதைப் படிக்கும்போது எனக்கு மூதறிஞர் ராஜாஜி நினைவுக்கு வருகிறார். 1948ல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராகி டெல்லி மாளிகைக்குள் நுழைந்தார். இன்று ராஷ்டிரபதி பவன் எனப்படும் 340 அறை கொண்ட பெருமாளிகை அது. வைசிராய்களின் படுக்கையறை அவருக்குப் பொருந்தவில்லை. விருந்தினர் பகுதியில் ஒரு சிறிய அறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்தவர்களும் அவ்வழியே சென்றார்கள்.

ராஜாஜியானாலும் யூசோஃப் இஸ்ஹாக்கானாலும் செய்தது ஒன்றே. காலனித்துவத்தின் மாளிகையை அவர்கள் இடிக்கவில்லை. அதற்குள் தங்களை ராஜாவாக்கிக் கொள்ளவுமில்லை. வீட்டை வைத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றினார்கள். கட்டடத்தை மாற்றப் பணம் போதும். பொருளை மாற்ற மனம் வேண்டும்.

கதவு திறந்த நாள்

மூன்றாவது கேள்வி, கதவு யாருக்குத் திறந்தது?

1960 ஜனவரி முதல் நாள் இஸ்தானா வளாகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. யூசோஃப் இஸ்ஹாக் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூலித் தொழிலாளியும் மீன் விற்றவரும் ரப்பர் செருப்புப் போட்ட பிள்ளைகளும் அந்தப் புல்வெளியில் கால் வைத்தார்கள். 90 ஆண்டுகளுக்கு மேலாக அண்ணாந்து பார்த்த குன்றில் தாங்களே ஏறி நின்று கீழே நகரத்தைப் பார்த்தார்கள்.

அந்த வழக்கம் தொடர்ந்தது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தொழிலாளர் தினம், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றையொட்டி வரவேற்பு நாள்கள் நடத்தப்படுகின்றன. எந்தெந்த நாள்கள் என்று கவனியுங்கள். மூன்று இனத்தாரின் திருநாள், உழைப்பவனின் திருநாள், நாட்டின் பிறந்தநாள். நாட்காட்டியே ஒரு கொள்கை விளக்கம்போல் இருக்கிறதல்லவா?

1992ல் இஸ்தானா தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996 முதல் 1998 வரை பெரிய அளவில் புதுப்பித்தார்கள். 2016ல் எதிர்ப்புறப் பூங்காவில் இஸ்தானா மரபுடைமைக் கூடம் திறக்கப்பட்டது. வரவேற்பு நாள் வரை காத்திருக்காமல் அங்கே போய்ப் பார்க்கலாம். வளாகத்துக்குள் விக்டோரியா மகாராணியின் சலவைக்கல் சிலை இன்றும் இருக்கிறது. அதைத் தூக்கி எறியவில்லை. தோட்டத்தின் ஒரு மூலையில் நிற்கிறார். பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரித்திரத்தைக் கையாள்வதற்கு அதுவும் ஒரு வழி.

வெட்கமா, பெருமையா?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கைதிகள் கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "ஏன் சார், பிள்ளைங்க முன்னாடி நம்ம ஆளுங்க கைதியா வந்தாங்கன்னு சொல்லணுமா? ஏற்கெனவே கூலியா வந்தோம்னு சொல்றாங்க. இதையும் சேத்துக் குடுக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு வலி இருக்கிறது. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நாம் சொல்லாவிட்டால் அது மறைந்துவிடாது. அவர்கள் பங்கு மட்டும்தான் மறையும். "வெள்ளைக்காரன் கட்டினான்" என்று நான் பேத்தியிடம் சொன்னேனே, அது போல. வெட்கப்பட்டு நாம் விட்டுவிடும் இடத்தில் வேறொருவர் பெயர் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, உண்மையை மிகைப்படுத்தவும் கூடாது. "சிங்கப்பூரையே நாங்கள்தான் கட்டினோம்" என்று மேடையில் முழங்குவது எளிது. அந்தக் கைதிகளில் தமிழரும் இருந்தனர், வங்காளியரும் இருந்தனர், மற்றவரும் இருந்தனர். நல்லவரும் இருந்தனர், கொடுஞ்செயல் புரிந்தவரும் இருந்தனர். அவர்களைப் புனிதராக்க வேண்டியதில்லை. குற்றம் செய்து வந்த மனிதன் ஒரு தொழில் கற்று, விலங்கு கழன்று, நூற்றைம்பது ஆண்டு நிற்கும் ஒரு கட்டடத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டுப் போனான். அது போதாதா? அதைவிடப் பெரிய பாடம் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவைப் பாருங்கள். வாஷிங்டனின் வெள்ளை மாளிகைக் கட்டுமானத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் உழைத்தார்கள். நெடுங்காலம் அது பலருக்குத் தெரியவே தெரியாது. 2016ல் அதிபரின் துணைவியார் மிஷெல் ஒபாமா ஒரு மாநாட்டு மேடையில், அடிமைகள் கட்டிய வீட்டில்தான் தாம் தினமும் கண் விழிப்பதாகச் சொன்னார். அவர் சொன்னதால் அந்த மாளிகையின் மதிப்பு குறைந்துவிட்டதா? கூடியது. தம் மகள்கள் அதன் புல்வெளியில் விளையாடுவதை அவர் அந்தச் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்த்தார்.

நம்மிடமும் அப்படி ஒரு காட்சி உண்டு. கைதிகள் அந்த மாளிகையைக் கட்டி முடித்து 130 ஆண்டுகள் கழித்து, 1999ல், ஒரு தமிழர் அதே மாளிகையில் நாட்டின் அதிபராகப் பொறுப்பேற்றார். இளம் வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், சின்னச் சின்ன வேலைகள் செய்து, பிறகு படித்து முன்னுக்கு வந்த எஸ் ஆர் நாதன். பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 2023 செப்டம்பரில் திரு தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று அதே இஸ்தானாவில் பதவியேற்றார். அந்த வாக்குகள் எல்லா இன மக்களும் போட்டவை. கதவு உண்மையாகவே திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் உள்ளே போகும் வாசல் மட்டும் திறந்தால் போதாது. உண்மையும் உள்ளே போக வேண்டும். தலைவர் பெயரைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, கட்டியவன் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றும் நம்மைச் சுற்றி எழும் உயர்ந்த கட்டடங்களை வெளிநாட்டு ஊழியர்கள்தான் கட்டுகிறார்கள். அவர்களில் நம் மொழி பேசுவோர் எத்தனை பேர்! மாலையில் லாரியின் பின்புறத்தில் களைத்து அமர்ந்து போகும் அந்த முகங்களைப் பார்த்து, "அந்தக் கட்டடத்தை யார் கட்டியது?" என்று நாளை ஒரு குழந்தை கேட்டால் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரையா?

நேயர்களே, அந்தத் தீபாவளிக்கு அடுத்த வரவேற்பு நாளில் பேத்தியை மறுபடியும் இஸ்தானாவுக்கு அழைத்துப் போனேன். தாழ்வாரத்துத் தூண் அருகே நிறுத்தி, "போன தடவ தாத்தா தப்பாச் சொல்லிட்டேன்மா" என்று தொடங்கி, இந்தக் கதையை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். கைதி என்றதும் கண்ணை அகல விரித்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒன்று கேட்டாள்: "அவங்கள கட்டி முடிச்ச பிறகு உள்ள விட்டாங்களா தாத்தா?"

என்னிடம் பதில் இல்லை. "நாம வந்திருக்கோம்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தத் தூணை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். நானும் தொட்டேன்.

அடுத்த வரவேற்பு நாளில் நீங்களும் உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அன்னக்குளத்தைக் காட்டுங்கள், காவலர் அணிவகுப்பைக் காட்டுங்கள், முடிந்தால் அதிபருக்கு வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். திரும்புவதற்கு முன் ஒரு நிமிடம் அந்தச் சுவரருகே நின்று, அதைக் கட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.